துணி போர்த்திய வீடு

வீட்டுக்கு உள்அலங்காரம் செய்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அட்டைப் பெட்டியையும் பழைய புடவையையும் வைத்து ஒரு வீட்டை முழுசாக நிறுத்திக் காட்டுகிறவன் நான் ஒருத்தன்தான். இன்னொருத்தன் இருந்தால் சொல்லுங்கள், ஆட்டோ பிடித்து வந்து பார்க்கிறேன்.

என் வேலை இப்படி. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் நான் பேப்பரை எடுத்து எதுவும் கிறுக்கமாட்டேன். எனக்கு வரையத் தெரியாது. பள்ளிக்கூடமும் நானும் ஐந்தாம் வகுப்போடு பிரிந்துவிட்டோம். அதற்குப் பதிலாக, சோபா வரப்போகிற இடத்தில் சோபா அளவுக்கு அட்டைப் பெட்டிகளை அடுக்குவேன். அலமாரி வரும் இடத்தில் அலமாரி உயரத்துக்கு. சமையல் மேடை வரும் இடத்தில் அந்த வீட்டு அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு. எல்லாவற்றின் மேலும் பழைய நூல் புடவைகளைப் போர்த்தி, குண்டூசி குத்தி, நிஜச் சாமான் மாதிரி நிற்க வைத்துவிட்டு வந்துவிடுவேன். கொஞ்ச நாள் அவர்கள் அதற்குள்ளேயே புழங்க வேண்டும். கையில் காபியோடு நடக்க வேண்டும், போன் பேசிக்கொண்டே திரும்ப வேண்டும், மின்சாரம் போனால் தடவிக்கொண்டு போக வேண்டும். அப்புறம் நான் போய்ப் பெட்டிகளைப் பார்ப்பேன். எந்தப் பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதோ அந்த இடத்தில் சாமான் வரக்கூடாது. அவ்வளவுதான் என் படிப்பு.

இப்போது வருகிற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படம் காட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் படத்துக்குள் யாரும் முட்டியை இடித்துக்கொள்வதில்லை.

இந்த வித்தையை நான் யாரிடமும் கற்கவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் பிறந்தவன் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். மீசை முளைக்கும் முன்னாலேயே தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கச் சேர்ந்துவிட்டேன். வாடிக்கைக்காரர் முன்னால் விரித்துப் போட்ட புடவை மலையை, அவர்கள் எழுந்து போனதும் பழையபடி மடித்து அடுக்க வேண்டும். கை மடித்துக்கொண்டிருக்கும், கண் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அரக்குக்கு எந்தப் பச்சை சேரும், மயில்கழுத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தால் செத்துப்போகும் என்பதெல்லாம் அந்த மலைக்கு முன்னால் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான்.

வாசல் கண்ணாடி ஜன்னலை அலங்கரிக்க வெளியிலிருந்து ஒருவர் வருவார். ஒரு தீபாவளிக்கு அவர் வரவில்லை. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் செய்கிறேன் என்றேன். சரக்கு வந்த அட்டைப் பெட்டிகளைப் படிப்படியாக அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போர்த்தினேன். எல்லாரும் ஜன்னலில் கடையையே கொட்டி வைப்பார்கள். நான் ஒரே ஒரு புடவையை வைத்தேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, கடையில் சரக்கு இல்லை என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று கத்தினார். ஆனால் சாயங்காலம் சிக்னலில் நின்ற பஸ்ஸிலிருந்து பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் வெளி ஆளைக் கூப்பிடவே இல்லை.

அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு மாமி உள்ளே வந்தார். மயிலாப்பூரில் சொந்த வீடு. புடவை எதுவும் கேட்கவில்லை. "இந்த ஜன்னலை ஜோடிச்சது யாருப்பா? எங்காத்துக் கூடத்தையும் இப்படிப் பண்ணித் தருவியா? பொண்ணு பார்க்க வரா" என்றார். நான் அதுவரை யார் வீட்டுக் கூடத்திலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தது கிடையாது. ஆனாலும் "பண்ணிடலாம் மாமி" என்றேன். இந்த வாய்தான் என் மூலதனம்.

அவர் வீட்டுக்குப் போய் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கூடத்தில் அடைத்துக் கிடந்த சாமான்களைப் பாதிக்கு மேல் பின்கட்டுக்குத் தள்ளினேன். என்ன எங்கே வரும் என்று மாமிக்குக் காட்ட வேண்டுமே, அதற்காகப் பெட்டிகளை அடுக்கித் துணி போர்த்தினேன். மாமி அசந்துபோனார். அடுத்த நாள் ஆசாரி வருவதற்குள் அவருடைய மைத்துனர் ஊரிலிருந்து வந்தார். நல்ல கனமான மனிதர். புது சோபா பிரமாதமாக இருக்கிறதே என்று அதில் உட்கார்ந்தார். கால் இரண்டும் மேலே, மற்றதெல்லாம் பெட்டிக்குள்ளே. நானும் மாமியும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஏண்டாப்பா, சோபாவை விட இதுல ஜாஸ்தி இறங்கறதே" என்றார். கோபப்படவில்லை, நல்ல மனிதர்.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். என்னோடு வேலை செய்த ஒவ்வொருவருக்கும், நான் போன ஒவ்வொரு வீட்டுக்கும், என் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும்கூட அதைச் சொல்லியிருக்கிறேன். துணி போர்த்தியிருந்தால் உட்காராதே, சாயாதே, பிடிக்காதே. இந்தச் சட்டம்தான் பின்னால் என் காலையே வாரியது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

என்னுடைய பாணி என்ன என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் ஏதேதோ பெயர் சொல்லி அதுவா இதுவா என்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். அறை என்பது ஒரு புடவை. தரை உடல், சுவர் கரை. முந்தானை ஒன்றுதான் இருக்க வேண்டும். கண்ணை இழுக்கிற சாமான் ஒரு அறைக்கு ஒன்று, அதற்கு மேல் வைத்தால் நான் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அடையாறில் ஒரு டாக்டர் வீட்டில் அப்படிக் கிளம்பியும் இருக்கிறேன். அவரே பின்னால் போன் செய்து கூப்பிட்டார். அதோடு ஒரு சுவரைச் சும்மா விடுவேன். படம் கூடாது, கடிகாரம் கூடாது, ஆணிகூடக் கூடாது. மனிதனுக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு இடம் வேண்டும்.

நிறத்துக்கு எனக்கு குரு என்றால் ஊரூர் குப்பத்துப் படகுகள். திருவான்மியூருக்குக் குடிவந்த பிறகு காலையில் கடற்கரையோரம் அங்கே வரைக்கும் நடந்து போவேன். நீலப் படகு, விளிம்பில் ஒரு விரற்கடை சிவப்பு. அவ்வளவுதான். அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் அந்த நீலம் கடலோடு போய்விடும். பெசன்ட் நகரில் ஒரு வீட்டுக்கு அந்த நீலத்தையே அடித்தேன். பத்திரிகையில் படம் வந்தது. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டவரைப் படகுக்கு முன்னால் கூட்டிப் போய் நிறுத்தினேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

இத்தனை செய்தவன் என் வீட்டில் மட்டும் கை வைத்ததில்லை. வைக்க விடவில்லை என் மனைவி. திருவான்மியூரில் லிப்ட் உள்ள கட்டடத்தில் அந்த வீட்டை வாங்கிய அன்றே சொல்லிவிட்டாள். "ஊருக்கெல்லாம் துணி போத்திக்கினு திரி. என் வூட்ல கை வெச்சே, அவ்ளோதான்." அதனால் என் வீட்டுக் கூடத்தில் முந்தானை ஒன்றல்ல, ஒன்பது இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. அவள் சாந்தோமில் மீன் வாசனைக்கு நடுவே பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்தவள். இடம் கிடைத்தால் நிரப்ப வேண்டும் அவளுக்கு. எனக்கோ இடம் கிடைத்தால் விட வேண்டும். வெளியே நான், வீட்டில் அவள் என்று பிரித்துக்கொண்டு சண்டையில்லாமல் காலத்தை ஓட்டினோம்.

போன வருஷம் அவள் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அவள் மனதில் பயம் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே குளியலறைப் பக்கம் பார்க்கமாட்டாள்.

பெங்களூரிலிருந்து மகள் வந்தாள். இருவரையும் தன்னோடு கூட்டிப் போய்விடுவதாகச் சொன்னாள். அவள் வீடு புதுசு, எங்கேயும் படி கிடையாது, பிடித்துக்கொள்ள எல்லா இடத்திலும் கம்பி இருக்கிறது. "நைனா, நீ சைட்டுக்குப் போயிட்டப்புறம் அம்மா வுழுந்தா யாரு பாக்கறது?" என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனால் பெங்களூரில் நான் யார்? அங்கே எந்தக் கடைக்கு எந்த ஆசாரி என்று தெரியாது, கடல் கிடையாது, என்னைப் பார்த்து வணக்கம் வைக்க ஒரு ஆள் கிடையாது. இந்த ஊரில் நான் ஒரு ஆள் என்று ஆவதற்கு ஒரு ஆயுள் ஆகியிருக்கிறது. அதை மூட்டை கட்டி எடுத்துப் போக முடியாது. ஆனால் என் மனைவி போனால் நானும் போகத்தான் வேண்டும். அவள் இல்லாத வீட்டில் நான் இருந்து என்ன அலங்காரம் செய்ய?

மனைவியைக் கேட்டோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். கொஞ்ச நாள் இருந்து பார்க்கட்டும், அடுத்த முறை வரும்போது முடிவு செய்யலாம் என்று மகளும் ஒத்துக்கொண்டாள்.

ஆக, என் வாழ்க்கையிலேயே பெரிய வாடிக்கைக்காரி என் மனைவிதான். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலேயே வேலையை ஆரம்பித்தேன். ஆட்களை வைத்து குளியலறை வாசல் படியை உடைத்துத் தரையைச் சமமாக்கினேன், சொரசொரப்பான கல் பதித்தேன். அப்புறம் கைப்பிடி. படுக்கையிலிருந்து குளியலறை வரை, உள்ளேயும் சுற்றி, அங்கிருந்து நடை வழியாக வாசல் கதவு வரை ஒரே கம்பி. நல்ல எவர்சில்வர் குழாய், சுவரில் ஆழமாகத் துளை போட்டு முடுக்கியது. நானே இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். மற்றதையெல்லாம் பொய்யாக வைத்துக் காட்டலாம், கைப்பிடியைப் பொய்யாக வைக்கக் கூடாது.

ஆனால் அது பளபளவென்று ஆஸ்பத்திரி மாதிரியே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவள் வீட்டிலும் ஆஸ்பத்திரியையா பார்க்க வேண்டும்? அவளுடைய பழைய சுங்குடிப் புடவை ஒன்றைக் கிழித்து, கம்பி முழுக்க இறுக்கமாகச் சுற்றித் தைத்தேன். கைக்குச் சில்லென்று இருக்காது, வழுக்காது. குளியலறைக்குள் மட்டும் ரப்பர் உறை. பிறகு கூடத்தில் அவளுடைய சாமான்களை ஓரம் கட்டிவிட்டு, வழக்கம்போலப் பெட்டிகளை அடுக்கித் துணி போர்த்தினேன். பால்கனியைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. கடல் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அதுதான் இந்த வீட்டுக்கு முந்தானை என்று முடிவு செய்தேன்.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலில் நுழைந்தவள் நின்று பார்த்தாள்.

"இன்னா டிசைனரே, நான் படுத்துக்கினு இருந்த கேப்புல வூட்ட பொட்டிக்கடை ஆக்கிட்டியா?"

நான் எதுவும் விளக்கவில்லை. என் வேலையை நான் வாயால் விளக்குவதில்லை, அது என் வழக்கம். ஆட்கள் புழங்கட்டும், வீடு தானே சொல்லும்.

நாட்கள் போயின. வீட்டுக்குள் வாக்கர் வேண்டாம், ஒரு கையில் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு மறுகையால் எதையாவது பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் காத்திருந்தது அந்த நாளுக்குத்தான். சைட்டுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டு, கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கவனித்தேன். அவள் எழுந்தாள். நடைக்கு வந்தாள். கைப்பிடி இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து, கையைத் தேய்த்துத் தேய்த்து மெதுவாக நகர்ந்தாள். குளியலறை வாசல் வந்ததும் நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். அந்த அம்மா வந்து தோளைக் கொடுத்த பிறகுதான் உள்ளே போனாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அந்தச் சுவர்தான் நான் சும்மா விட்ட சுவர். வெள்ளை வெளேர் என்றிருந்த அதில் அவள் கை உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு கோடு விழுந்து, நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது. நேர் எதிரே கைப்பிடி, சுற்றிய துணி அழுக்குப்படாமல், புத்தம்புதுசாக.

எனக்குப் புரிந்துபோயிற்று என்று நினைத்தேன். அவள் மனதால் பெங்களூருக்குப் போய்விட்டாள். அதனால்தான் நான் வைத்ததைத் தொடக்கூட மாட்டேன் என்கிறாள். ஆனால் இன்னொன்று எனக்குப் புரியவில்லை. காலையில் நான் நடந்துவிட்டு வரும்போதெல்லாம் பால்கனிப் பெஞ்சு கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஊன்றுகோலால் பெட்டிகளைத் தள்ளுகிறாள். ஒரு நாள் பெஞ்சு கூடத்தின் நடுவில் நின்றது. பிறகு ஒரு நாள் வாசல் கதவைப் பார்த்தபடி போய் நின்றது. லிப்டிலிருந்து இறங்குகிறவர்கள், பூக்காரம்மா, மீன்காரம்மா, எல்லாரும் அங்கேதான் அவளோடு பேசுவார்கள். காற்று அங்கே வராது, ஊர் வரும். போகப்போகிறவள் எதற்குப் பெஞ்சை நகர்த்துகிறாள்? இருக்கப்போகிறவள் எதற்குக் கம்பியைத் தொட மறுக்கிறாள்? எத்தனையோ வீட்டைப் பெட்டியை வைத்தே படித்தவன் நான். இந்த வீடு மட்டும் படிக்க வரவில்லை.

மகளோடு அவள் போனில் பேசியதும் என் காதில் விழுந்தது. "உங்கப்பன் எல்லாத்தையும் அட்டைலயே பண்ணி வெச்சிக்கீறாரு. அட்டை வூட்ல எப்டிடி குந்திக்கினு இருக்கறது? வந்து இட்டுக்கினு போ." எனக்குச் சுருக்கென்றது. எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டேன். அன்றைக்குப் படகுகளைப் பார்த்தேன், நிறம் எதுவும் கண்ணில் நிற்கவில்லை.

மகள் காரில் வந்து இறங்கினாள். அம்மாவின் துணிமணிகளை இரண்டு பையில் அடைத்தாள். என் சட்டைகளையும் கேட்டாள். நானே எடுத்துக் கொடுத்தேன். பைகள் நல்ல கனம். ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு படுக்கையறையிலிருந்து வந்தவள், நடையில் நின்று, மற்றதைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுக் கையை உதறினாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி பதறினாள். "அதுல மாட்டாதடி. பிச்சிக்கினு வந்துடும். அட்டைக் கொழாய்."

மகள் பையைப் பார்த்தாள். அது அசையாமல் தொங்கியது. அவள் கம்பியைப் பிடித்து இழுத்தாள். பிறகு முதுகைக் கொடுத்துச் சாய்ந்தாள்.

"அட்டையா? இது ஸ்டீலும்மா."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் பேப்பரை இறக்கினேன்.

"நெசமாவா?"

"பின்ன?"

"துணி சுத்திக்கீறியே."

"கைக்கு சில்லுனு இருக்கக் கூடாதுன்னு சுத்தினேன். உன் சுங்குடிதான்."

"துணி போத்தினா தொடாத, சாயாத, புடிக்காதன்னு சோறு துன்னும்போதெல்லாம் ஓதினது யாரு?" என்றாள்.

நான் போட்ட சட்டத்தை இந்த ஊரிலேயே ஒழுங்காகக் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்திதான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நைனா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

மனைவி சிரிக்கவில்லை. எழுந்தாள். ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு வந்து கம்பியில் ஒரு கை வைத்தாள். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்க்கிற மாதிரி ஆட்டிப் பார்த்தாள். அது ஆடவில்லை. பிடித்துக்கொண்டு நடையின் கோடி வரை போனாள். குளியலறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். மகள் கை கொடுக்கப் போனாள், நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அவள் காலால் தரையைத் தடவிப் படி இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவு திறந்தது.

முகம் கழுவியிருந்தாள். கம்பியைப் பிடித்தபடியே வாசல் வரை நடந்து, பெஞ்சு அருகில் போய் நின்றாள்.

"இது அட்டைதானே? இதுல குந்தலாமா கூடாதா, இப்பவே சொல்லிடு."

"குந்தாத. நாளைக்கு ஆசாரி வருவார்."

"பால்கனி பக்கம் போடச் சொல்லாத. இங்கியே போடட்டும்" என்றாள். பிறகு மகளிடம், "அந்தப் பைய உள்ள கொண்டு வை. பொங்கலுக்கு வரோம், நாலு நாள் இருந்துட்டு வந்துர்றோம்."

மகள் கம்பியை வாசலிலிருந்து குளியலறை வரை இன்னொரு முறை தானே இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பையைப் பிரித்தாள். பெண் என் மாதிரி. சொன்னதை நம்பமாட்டாள்.

பெஞ்சு தேக்கில் வந்தது, அவள் நிறுத்திய இடத்திலேயே. இந்த வீட்டுக்கு முந்தானை வாசல்தான், ஒப்புக்கொள்கிறேன். என் துணி வீட்டு முறை இல்லாவிட்டால் அது அவளுக்கே தெரிந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். கம்பிக்குச் சுற்றிய சுங்குடியை நான் எடுக்கவில்லை. அழுக்கானால் பிரித்துத் துவைத்து அவளே மறுபடி சுற்றித் தைக்கிறாள்.

சுவர்க் கோடுதான் மிச்சம். பெயின்டரை வரச் சொன்னேன், பழையபடி வெள்ளை அடித்துவிடலாம் என்று. அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, பூக்காரம்மாவிடம் பேசுவதை நிறுத்தாமல் சொன்னாள். "அழுக்கு தெரியாத கலரா அடிக்கச் சொல்லு. பழக்கத்துல இன்னும் அங்கயும் கை போவுது."

யோசித்தேன். சுவரின் மேல்பாதியை வெள்ளையாக விட்டேன். கை உயரத்திலிருந்து கீழே அரக்கு அடித்தேன். புடவைக்குக் கரை மாதிரி வந்து உட்கார்ந்தது. அடையாறில் இப்போது வேலை நடக்கிற வீட்டில் வயதானவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே கரையைத்தான் போடுகிறேன். கைப்பிடி வந்த அன்று, துணி சுற்றும் முன்னாலேயே, இரண்டு பேரையும் கூப்பிட்டு அதைப் பிடித்துத் தொங்கச் சொன்னேன்.